சி-ஸ்பான் காணொளிக் காப்பகம்: தங்கச்சிமடத்திலிருந்து பார்த்த வரை

இந்த வருடத் தடைக்காலம் தொடங்கிய வாரத்தில் என் தம்பி மகள் மதுரையிலிருந்து வந்தாள். இதழியல் படிக்கிறாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த 61 நாளும் எங்கள் ஊரில் வலையைச் சரிபார்ப்பது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது போக எல்லாருக்கும் நேரம் கிடக்கும். எனக்கும்தான். "பெரியப்பா, நீங்க முப்பது வருஷம் பேப்பருக்கு எழுதினவங்க. ஒரு கமிட்டி விசாரணையை என்கூட உக்காந்து பாக்குறீங்களா? உள்ள நடந்ததும் பேப்பர்ல வந்ததும் ஒண்ணுதானான்னு நான் எழுதிக் குடுக்கணும்" என்றாள்.

அப்படித்தான் சி-ஸ்பான் காணொளிக் காப்பகத்துக்குள் போனேன். அன்றிலிருந்து தினமும் போகிறேன். தமிழில் இதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. செய்தி படிக்கிற, செய்தி எழுதுகிற ஆட்களுக்கு இது அவசியம் தெரிய வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

முதலில் இது என்னவென்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1979-இல் பிரையன் லாம்ப் என்பவர் தொடங்கிய தொலைக்காட்சி சி-ஸ்பான். கேபிள் நிறுவனங்கள் கொடுக்கும் பணத்தில் நடக்கிறது. அரசுப் பணம் இல்லை. நாடாளுமன்ற அவையையும் கமிட்டி விசாரணைகளையும் நடுவில் யாரும் விளக்கம் சொல்லாமல் முழுதாகக் காட்டுவதுதான் அதன் வேலை. 1987-இல் இருந்து ஒளிபரப்பானதை எல்லாம் பர்டூ பல்கலைக்கழகம் இருக்கிற ஊரில் சேர்த்து வைத்தார்கள். 2010-இல் அந்தச் சேமிப்பை, ஒரு லட்சத்து அறுபதாயிரம் மணி நேரத்துக்கு மேல், இலவசமாக இணையத்தில் திறந்துவிட்டார்கள். தேடும் இடத்தில் ஒரு பெயரையோ தலைப்பையோ போட்டால் போதும். காணொளி வருகிறது, கீழே பேசியவர்களின் சொற்கள் எழுத்தாக வருகின்றன. வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்து இன்னொருவருக்கு அனுப்பவும் வழி இருக்கிறது.

பிள்ளை தேர்ந்தெடுத்திருந்தது 'ஏபிள் டேஞ்சர்' விவகாரம். அமெரிக்க ராணுவத்தின் சிறப்பு நடவடிக்கைக் கட்டளையகம் 1999-இல் தொடங்கிய உளவுத் திட்டம் அது. அல் காய்தாவைப் பற்றிய தகவல்களைக் கணினியில் மலைபோல் கொட்டி, யாருக்கும் யாருக்கும் தொடர்பு என்று சலித்தெடுத்து, படமாக வரைந்து வைக்கிற வேலை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குத் தலைமை ஏற்ற முகமது அட்டாவை அந்தக் குழு 2000-ஆம் ஆண்டிலேயே அடையாளம் கண்டுவிட்டது, ஆனால் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல விடவில்லை என்று 2005-இல் குற்றச்சாட்டு கிளம்பியது. சொன்னவர்கள் இரண்டு அதிகாரிகள்: ராணுவத்தின் லெப்டினன்ட் கர்னல் ஆன்டனி ஷாஃபர், கடற்படையின் கேப்டன் ஸ்காட் ஃபில்பாட். அதைத் தூக்கிப் பிடித்தவர் பென்சில்வேனியாவைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் கர்ட் வெல்டன்.

இதில் எனக்கு மனசு நின்ற ஒரு இடம் உண்டு. இந்தச் செய்தியை முதலில் போட்டது பெரிய பத்திரிகை எதுவும் இல்லை. பென்சில்வேனியாவில் நாரிஸ்டவுன் என்கிற சிறு நகரத்தின் டைம்ஸ் ஹெரால்டு பத்திரிகை, 2005 ஜூனில் போட்டது. அதே மாதம் 27-ஆம் தேதி வெல்டன் அவையில் எழுந்து பேசினார். அப்போதும் பெரிதாக அசையவில்லை. ஆகஸ்ட் 9 அன்று நியூயார்க் டைம்ஸ் எழுதிய பிறகுதான் நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது. மாவட்டத்தில் உட்கார்ந்து செய்தி அனுப்பிய எனக்கு அந்த ஏழு வாரம் நன்றாகப் புரியும். பாம்பனிலிருந்து நான் திங்கள்கிழமை அனுப்பியது தலைநகரத்து ஆள் ஒருவர் வந்து பார்த்த பிறகுதான் செய்தி ஆன நாட்கள் பல.

சரி, விசாரணைக்கு வருகிறேன். 2005 செப்டம்பர் 21, செனட்டின் நீதித்துறைக் கமிட்டி. தலைவர் ஆர்லன் ஸ்பெக்டர். நாங்கள் சாயங்காலம் திண்ணையில் மடிக்கணினியை வைத்து ஓட்டினோம். பக்கத்து வீட்டு மச்சானும் வந்து உட்கார்ந்துகொண்டார். விசைப்படகில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆங்கிலம் தெரியாது. பிள்ளை அவ்வப்போது நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஷாஃபரும் ஃபில்பாட்டும் பேசுவார்கள் என்றுதான் அந்த விசாரணையே வைக்கப்பட்டது. பாதுகாப்புத் துறை அவர்களைப் பேச விடவில்லை. ஷாஃபருக்குப் பதிலாக அவருடைய வழக்கறிஞர் மார்க் ஸைட் வந்திருந்தார். இதைக் கேட்டதும் மச்சான் சொன்னார்: "அப்ப கடலுக்குப் போனவனை வீட்டுல வச்சுட்டு, கரையில நின்னவனைக் கேக்குறாங்களா?"

அந்த விசாரணையைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். மச்சான் சொன்னதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. ஸ்பெக்டருக்கும் அதே கோபம்தான். கமிட்டியின் வேலைக்கே இது தடையாகத் தோன்றுகிறது என்று அவர் பேசினார். பத்திரிகைகளில் இதுதான் முதல் வரியாக வந்தது. அதில் தப்பு இல்லை. நான் எழுதியிருந்தாலும் அதைத்தான் முதலில் வைத்திருப்பேன்.

ஆனால் முழுதாகப் பார்த்தால் வேறு இரண்டு இடங்கள் கண்ணில் படுகின்றன.

ஒன்று, அந்த வழக்கறிஞர் சொன்னது. அட்டா அப்போது அமெரிக்காவுக்குள் இருந்தார் என்று ஏபிள் டேஞ்சர் கண்டுபிடிக்கவில்லை என்று அவரே தெளிவாகச் சொல்கிறார். தாக்குதல் ஏதோ நடக்கப்போகிறது என்று யாரையும் நினைக்க வைக்கிற தகவலும் அப்போது கையில் இல்லை என்றும் சொல்கிறார். குற்றச்சாட்டு சொன்னவரின் தரப்பே தன் குற்றச்சாட்டுக்கு எல்லை போட்டுக் கொடுக்கிறது! "பேரு தெரிஞ்சிருந்தும் கோட்டை விட்டுட்டாங்க" என்று பிள்ளை அதுவரை நம்பிக்கொண்டிருந்தாள். அவள் படித்த கட்டுரைகள் அப்படித்தான் எழுதியிருந்தன. அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப மூன்று தடவை ஓட்டினாள்.

இரண்டாவது, எரிக் கிளைன்ஸ்மித். ராணுவத்தில் மேஜராக இருந்து வெளியே வந்தவர். ஃபோர்ட் பெல்வார் ராணுவத் தளத்தில் இந்தத் தரவுகளை வைத்திருந்த பிரிவில் வேலை செய்தவர். 2000-ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் அத்தனையையும் அழித்தது தான்தான் என்று அவர் சொல்கிறார். இரண்டரை டெராபைட். அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் அச்சில் இருப்பதில் கால் பங்குக்குச் சமம் என்று அவரே கணக்குச் சொல்கிறார். எழுத்தில் படிக்கும்போது இது பயங்கரமாக இருக்கிறது: ஆதாரத்தை அழித்துவிட்டார்கள்! காணொளியில் அதே மனிதர் இன்னொன்றையும் சொல்கிறார். அட்டாவின் படத்தையோ பெயரையோ பார்த்ததாகத் தனக்கு நினைவில்லை, ஆனால் பார்த்தோம் என்று சொல்கிற சக அதிகாரிகளை முழுதாக நம்புகிறேன் என்கிறார். இந்த இரண்டு பாதியையும் சேர்த்தால்தான் அவருடைய சாட்சியம். ஒரு பாதியை எடுத்தால் சதி என்று எழுதலாம், மறு பாதியை எடுத்தால் புளுகு என்று எழுதலாம். இரண்டு விதமாகவும் எழுதினார்கள்.

ஏன் அழித்தார்கள் என்பதற்கும் பதில் அந்த அறையிலேயே இருக்கிறது. அமெரிக்கக் குடிமக்களைப் பற்றிய தகவல் ராணுவ உளவின் கைக்கு வந்தால், வைத்துக்கொள்ளத் தகுந்த காரணம் உண்டா என்று 90 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும், காரணம் இல்லையென்றால் அழித்துவிட வேண்டும் என்பது விதி. அந்த விதி சும்மா வந்ததில்லை. 1970 ஜனவரியில் கிறிஸ்டோபர் பைல் என்கிற முன்னாள் ராணுவ உளவு அதிகாரி ஒரு மாத இதழில் எழுதினார்: போருக்கு எதிராகவும் சிவில் உரிமைக்காகவும் கூடுகிற சாதாரண மக்களை ராணுவம் வேவு பார்த்துக் கோப்பு சேர்க்கிறது என்று. அதன் மேல் 1971-இல் செனட்டர் சாம் எர்வின் விசாரணை நடத்தினார். 1975-இல் உளவு அமைப்புகளை விசாரிக்க செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையில் ஒரு கமிட்டி வந்தது. அந்தப் பத்து வருடத்துப் போராட்டத்திலிருந்து பிறந்த கட்டுப்பாடுகள்தான் 2000-இல் கிளைன்ஸ்மித்தின் மேசைக்கு வந்து நின்றன. 2005-இல் எழுதிய பலருக்கு 1971 ஞாபகத்தில் இல்லை. அதனால் மக்களைக் காப்பாற்றப் போட்ட விதி ஏதோ வக்கீல்களின் முட்டாள்தனம் மாதிரி செய்தியில் தெரிந்தது.

எங்கள் கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கைரேகை பதிந்த அடையாள அட்டை இல்லாமல் இங்கே யாரும் கடலில் இறங்குவதில்லை. உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து தளம் இருக்கிறது, கரையோரம் காவல் நிலையங்கள் இருக்கின்றன. மீன்வளத் துறையிடம் டோக்கன் வாங்காமல் படகு எடுக்க முடியாது. பட்டியலில் பெயர் இருப்பது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். எந்தப் பட்டியல், ஏன், எத்தனை நாளுக்கு என்பதுதான் எப்போதும் தெரியாது.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். செய்தியைக் கையால் எழுதி, கவரில் போட்டு, மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன். ஒரு நாள் பக்கத்துக் கரையில் குடிசைக்குப் பின்னால் டீசல் பேரல்கள் கிடைத்தன. குடிசைக்காரரை விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். உளவு வட்டாரம் சொன்னதாக எனக்கு ஒரு அதிகாரி சொன்னார்; நான் எழுதினேன். மாவட்டப் பக்கத்தில் நான்கு பத்தி அகலத்துக்கு, படத்தோடு வந்தது. மூன்று மாதம் கழித்து அந்த மனிதர் மேல் ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். பேரல்கள் வேறு ஒருவருடையவை. அதையும் எழுதி அனுப்பினேன். வரவில்லை. மறுபடி அனுப்பினேன். ஒன்பதாம் பக்கத்தில் நாலு வரியாக வந்தது, அவர் பெயர்கூட இல்லாமல். "யாருங்க இதைப் படிக்கப் போறா" என்றார் டெஸ்க்கில் இருந்தவர். அந்தக் குடிசைக்காரருடைய மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பேசப் போன இடத்தில் அந்த நான்கு பத்திப் படத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். நாலு வரியை எடுத்துக் காட்ட அவரிடம் யாரும் இல்லை. அந்த இரண்டு கத்தரிப்பையும் நான் இன்னும் ஒரே உறையில்தான் வைத்திருக்கிறேன்.

ஏபிள் டேஞ்சரிலும் அந்த நாலு வரி உண்டு. 2006 செப்டம்பரில் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் அறிக்கை வந்தது: அட்டாவை அந்தக் குழு அடையாளம் கண்டது என்பதற்கு ஆதாரம் இல்லை, சாட்சிகளின் நினைவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அந்த டிசம்பரில் செனட்டின் உளவுத்துறைக் கமிட்டியும் விசாரித்து அதே முடிவுக்கு வந்தது. அதற்கு முந்தைய மாதம் நடந்த தேர்தலில் வெல்டன் தோற்றுப்போயிருந்தார். தம்பி மகள் ஒரு காகிதத்தில் இரண்டு கட்டம் போட்டு, 2005 ஆகஸ்ட், செப்டம்பரில் வந்த செய்திகளை ஒரு பக்கமும், 2006 செப்டம்பருக்குப் பின் வந்தவற்றை மறுபக்கமும் எழுதிக்கொண்டு வந்தாள். இடது கட்டம் நிறைந்து பின்பக்கம் போய்விட்டது. வலது கட்டத்தில் பாதி வெள்ளையாகக் கிடந்தது. "பெரியப்பா, உங்க உறை மாதிரியே இருக்கு" என்றாள்.

ஆய்வாளர் அறிக்கைதான் கடைசி உண்மை என்று நான் சொல்ல வரவில்லை. தன் துறையைத் தானே விசாரித்து எழுதிய அறிக்கை அது. ஷாஃபர் தரப்பு அதை ஏற்கவில்லை. நான் சொல்வது வேறு. குற்றச்சாட்டைப் படித்த அத்தனை பேருக்கும் முடிவையும் படிக்கிற உரிமை உண்டு. அந்த உரிமையைப் பத்திரிகைகள் காப்பாற்றவில்லை. அன்று கமிட்டி அறையில் யார் எதைச் சொன்னார்கள் என்பதைக் குறைக்காமல் கூட்டாமல் வைத்திருப்பதால் இந்தக் காப்பகம் கொஞ்சமாவது காப்பாற்றுகிறது. இருபது வருடம் கழித்து, தங்கச்சிமடத்துத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மாணவி சரிபார்க்க முடிகிறது.

இனி பயன்படுத்தப் போகிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்டவை. எழுத்து வடிவத்தை மட்டும் நம்பி மேற்கோள் எடுக்காதீர்கள். ஒளிபரப்பின்போது ஓடும் வசன எழுத்துதான் அங்கே அப்படியே இருக்கிறது, திருத்தப்படாதது என்று அவர்களே குறிப்பிடுகிறார்கள். இடத்தைக் கண்டுபிடிக்க எழுத்து, உறுதி செய்யக் காது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயரைப் போட்டுத் தேடினால் சீக்கிரம் கிடைக்கும். திட்டத்தின் பெயரைவிட அது நல்ல வழி. தமிழ் வசன எழுத்து கிடையாது, ஆங்கிலம் ஓரளவு வேண்டும். எங்கள் தெருவில் சிக்னல் சாயங்காலத்தில் திணறும். கச்சான் காற்று அடிக்கிற நாளில் கரண்டும் போகும். அதிகாலை நாலரைக்கு எழுந்து பார்ப்பது எனக்கு ஒத்துவருகிறது. ஒரு முழு விசாரணை பார்த்தால் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இல்லாதவையும் உண்டு. மூடிய கதவுக்குள் நடக்கும் அமர்வுகள் இருக்காது. உளவு விஷயத்தில் பாதிப் பேச்சு அங்கேதான் நடக்கும். எர்வினின் 1971 விசாரணையைப் பார்க்க ஆசைப்பட்டேன், அப்போது இந்தத் தொலைக்காட்சியே பிறக்கவில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: கமிட்டி அறைகளில் சி-ஸ்பான் தன் கேமராவை வைக்கலாம், அவைக்குள் இருப்பவை நாடாளுமன்றத்தின் கேமராக்கள். பெரும்பாலும் பேசுகிறவரைத்தான் அந்தக் கேமராக்கள் காட்டும், கேட்க ஆள் இருக்கிறதா என்பது பல நேரம் தெரியாது. 1984-இல் அவைத் தலைவர் டிப் ஓ'நீல் கேமராவைச் சுற்றிக் காட்டச் சொன்ன பிறகுதான், சில உறுப்பினர்கள் அவ்வளவு நாளும் காலி நாற்காலிகளைப் பார்த்துக் கர்ஜித்தது மக்களுக்குத் தெரிந்தது.

நம் ஊரில் இப்படி ஒன்று இருக்கிறதா என்று மச்சான் கேட்டார். அவைக் கூட்டங்களை சன்சத் டிவி காட்டுகிறது, 2021-இல் இருந்து இரண்டு அவைக்கும் சேர்த்து ஒரே நிறுவனம். கமிட்டிகள் அப்படி இல்லை. பாதுகாப்புத் துறைக்கான நிலைக்குழு ஆகட்டும், பொதுக் கணக்குக் குழு ஆகட்டும், கூடுவது மூடிய அறையில். வெளியே வருவது அறிக்கை. கார்கில் போர் முடிந்ததும் 1999 ஜூலையில் கே. சுப்பிரமணியம் தலைமையில் ஆய்வுக் குழு போட்டார்கள். உளவில் எங்கே ஓட்டை என்று பார்த்த குழு அது. 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைத்தபோது, பாதுகாப்புக் காரணம் சொல்லிப் பல பகுதிகளை எடுத்துவிட்டிருந்தார்கள். சாட்சி சொன்னவர்களின் முகத்தையோ குரலையோ நாம் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் திறந்து வைக்க முடியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். எல்லையோரத்தில் பிறந்தவனுக்கு அது தெரியும். ஆனால் கடலோரப் பாதுகாப்பு பற்றி ஒரு கமிட்டி பேசும்போது, அதில் ரகசியம் இல்லாத ஒரு மணி நேரத்தையாவது பாம்பன் மீனவன் பார்க்கக் கூடாதா? அவனைப் பற்றித்தானே பேசுகிறார்கள்.

தம்பி மகள் கட்டுரையை முடித்துக் கொடுத்துவிட்டாள். நான் இன்னும் முடிக்கவில்லை. 2006 பிப்ரவரி 15 அன்று கீழவையின் ஆயுதப்படைக் கமிட்டியுடைய துணைக் கமிட்டிகள் முன்னால் ஷாஃபர் கடைசியில் நேரில் வந்து பேசினார். மச்சான் அதைப் பார்க்க வேண்டும் என்கிறார். கடலுக்குப் போனவன் வந்துவிட்டான் அல்லவா. பிள்ளை அடுத்த சனிக்கிழமை வருகிறாள், மொழிபெயர்த்துச் சொல்ல. அதுவரை முதல் இருபது நிமிடத்தை மட்டும் பார்த்து வைத்திருக்கிறேன்.